ஒன்பதாவது மைக்

காலை ஒன்பது மணிக்கு, ஈ காக்கை இல்லாத மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் கத்தத் தொடங்குவார்கள். அவர்களைக் கத்தவைப்பது மைக் அக்காவின் வேலை.

மைதானத்தின் மேற்குப் பக்கம், இருக்கைகள் எல்லாம் முடிந்த பிறகு இன்னும் முப்பத்திரண்டு படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை வரும். ஒரு மேசை, மேசை நிறையப் பொத்தான்கள், ஒரு மைக், ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. அவ்வளவுதான் அறை. அக்கா அந்த நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஃபேடர் என்று சொல்லும் நகரும் பொத்தான்களில் ஒன்றை மெதுவாக மேலே தள்ளுவாள். கீழே, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் ஸ்பீக்கர்களில் முதலில் தூரத்து மழைபோல ஓர் இரைச்சல் கேட்கும். பிறகு விசில். பிறகு கைத்தட்டல். பிறகு நாற்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாகத் திறந்து ஒரு பெரிய "ஓ". நீல இருக்கைகள் எல்லாம் மடித்தபடியே நிற்கும். அவற்றின் மேல் சத்தம் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

புல் வெட்டுகிறவர் அந்த மைதானத்திலேயே பழம் தின்று கொட்டை போட்டவர். முதல் நாள் அவரே எந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"ஆள் இருந்து கத்துனா அது சத்தம் அக்கா. ஆள் இல்லாம கத்துனா அது வேற என்னமோ. முடிஞ்சதும் சொல்லியனுப்புங்க, நான் வெளிய நிக்கிறேன்."

பெண்கள் கால்பந்துக் கோப்பைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எட்டு நாடுகள் ஆடும் கோப்பை அது, நான்கு வருடத்துக்கு ஒருமுறை. கூட்டத்தின் இரைச்சலில் நம் பெண்களுக்குக் கால் நடுங்குகிறது, அதனால் இரைச்சலிலேயே ஆடிப் பழகட்டும் என்று பயிற்சியாளர் முடிவு செய்திருந்தார். அணியில் எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். ஐம்பது வயது, கழுத்தில் விசில், பேச்சில் உப்பு போடாதவர். "எனக்கு நிஜக் கூட்டம் வேணும் அக்கா. ஆனா திட்டு வேண்டாம், உச்சுக் கொட்டுறது வேண்டாம். வெட்டி எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மைதானம் கடைசியாக நிரம்பி வழிந்தது நான்கு வருடத்துக்கு முன்பு, சென்ற கோப்பையின் அரையிறுதியில். இந்த முறை வேறு நாட்டில் நடக்கவேண்டியது, அங்கே வெள்ளம் வந்ததால் மறுபடி இங்கேயே வந்துவிட்டது. அந்த அரையிறுதியின் பதிவு அக்காவிடம் இருந்தது. அதைத்தான் எடுத்தாள். அதைவிட்டால் வேறு இல்லை.

மைக் அக்கா என்பது அவளுக்கு இந்த மைதானம் வைத்த பெயர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதினேழு வயதில் டிக்கெட் கொடுக்கிற சன்னலில் உட்கார வந்தவள். கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாக "எத்தனை?" என்று கேட்பதுதான் வேலை. மூன்றாவது வருடம், அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு குழந்தை கூட்டத்தில் காணாமல் போயிருந்தது. யாரோ இவளைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். குழந்தையின் சட்டை நிறத்தையும், ஒரு காலில் மட்டும் செருப்பு இருப்பதையும் நிதானமாக இவள் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் குழந்தை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளை யாரும் மைக்கிலிருந்து இறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஊரில் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. கடையில் நின்று "அரைக் கிலோ குடுங்க" என்றால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். "உங்கள எங்கயோ..." என்று இழுப்பார். அவள் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே மூக்கில் ஒரு கோளாறு உண்டு, ஆழமாக மூச்சு இழுத்தால் கடைசியில் மெல்லிய விசில் மாதிரி ஒரு கீச்சு கேட்கும். அதனால் அவளாகவே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். பேசி முடித்த அடுத்த நொடி ஃபேடரை இறக்கிவிடுவது. கடைசி வார்த்தை, உடனே விரல் கீழே. தூக்கத்தில் கேட்டால்கூட அந்த விரல் அசையும் என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கிறவர். "நான் ஊருக்குப் பார்வை குடுக்குறேன், இவ ஊருக்குக் காது குடுக்குறா, வீட்டுல ரெண்டும் இல்ல" என்பார்.

கோப்பை நெருங்க நெருங்க ஊரின் பேச்சு ஒரே பேச்சாகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே "இந்தத் தடவ நம்மளுதுதான்" என்றார். பல் டாக்டர் அக்காவின் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு "ஜெயிச்சிருவோம்ல?" என்று கேட்டார். ஆமென்றும் சொல்லமுடியாமல் இல்லையென்றும் சொல்லமுடியாமல் அக்கா கண்ணை உருட்டினாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் பதினொரு பெண்களின் முகங்களை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். வரைந்தவருக்குக் கண் வரைவதில்தான் ஆசை போலிருக்கிறது. இருபத்திரண்டு கண்களும் சாலையையே பார்த்தன. பேருந்து நகர்ந்தால் அவையும் கூடவே நகர்வதுபோல இருந்தது. யாரும் ஜெயிக்கவேண்டும் என்று ஆசைப்படுவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது, இந்தப் பெண்கள் போய் அதை எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி என்பதுபோலப் பேசினார்கள். சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். அந்தச் சிரிப்புதான் அக்காவுக்கு என்னவோ போல இருந்தது.

சுவரில் ஏழாவது முகத்தின் நெற்றியில் மட்டும் யாரோ கரியால் "டங்" என்று எழுதியிருந்தார்கள்.

அது சின்னவளின் முகம். அணியில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு, பத்தொன்பது வயதில், அதே அரையிறுதியின் கடைசி பெனால்டியை அடித்தவள் அவள். பந்து மேல் கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. மைதானம் முழுக்கக் கேட்டது அந்த "டங்". அணி வெளியேறியது. அன்றிலிருந்து தெருவில் பிள்ளைகள் அவளைக் கண்டால் "டங்" என்பார்கள். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், உதட்டை மட்டும் அசைப்பார்கள்.

பயிற்சியில் சின்னவள் சத்தம் இல்லாதபோது பத்துக்கு ஒன்பது பெனால்டியைப் போட்டாள். அக்கா ஃபேடரை ஏற்றினால் கதையே மாறியது. ஓட்டமெல்லாம் சரியாக வரும், பந்தைக் கொண்டுபோவதெல்லாம் கச்சிதமாக இருக்கும். பெனால்டிக்குப் பந்தை வைத்து நான்கு எட்டுப் பின்னால் நடப்பாள். பதிவில் கூட்டம் அடங்கும். அந்த அமைதியில் அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போடும். பிறகு அடிப்பாள். பந்து கம்பத்துக்கு மேலே போகும், இல்லையென்றால் கீப்பரின் கைக்கே நேராகப் போகும். மூன்றுமுறை கம்பத்திலேயே பட்டது. மூன்றாவது முறை பட்டபோது புல்லின்மேல் பந்து உருண்டு நின்றது.

வியாழக்கிழமை மேடம் கண்ணாடி அறைக்கே ஏறி வந்தார்.

"ஞாயித்துக்கிழம காலைல பட்டியல் குடுக்கணும் அக்கா. அவ பேரு அதுல இருக்காது போலிருக்கு."

"நல்லா ஆடுற பொண்ணாச்சே மேடம்."

"நல்லா ஆடுறா. யாரு இல்லன்னா? ஆனா கடசில கூட்டம் அவ பேரத்தான் கேக்கும். இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா இந்த ஊருல அவ காய்கறி வாங்கக்கூட வெளிய போக முடியாது. நான் அவளக் காப்பாத்துறேன்னு வச்சுக்கங்க."

அன்று மத்தியானம் பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு, படியில் காலடிச் சத்தம் கேட்டது. சின்னவள். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். இத்தனை வருடத்தில் அணிப் பெண் ஒருத்தி அந்த அறைக்கு வருவது அதுதான் முதல்முறை.

"உள்ள வாம்மா. அந்தப் பக்கமா உக்காராத, நாற்காலி கவுத்துரும்."

அவள் உட்காரவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே கோல் கம்பத்தைப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா தெரியுதா இங்கிருந்து?" என்றாள். பிறகு திரும்பாமலேயே கேட்டாள்:

"அக்கா, அந்தக் கூட்டத்துல ஒருத்தர் இருக்காரு. நீங்க கேட்டிருக்கீங்களா?"

"நாப்பதாயிரம் பேர் இருக்காங்கம்மா."

"அவங்க இல்ல. அவங்கல்லாம் சுத்தி இருக்காங்க. இவரு மேல இருக்காரு." கையைத் தலைக்கு மேலே காட்டினாள். "எல்லாரும் அடங்குனதுக்கு அப்புறம், நான் அடிக்கிறதுக்கு முன்னாடி, மூச்சு இழுப்பாரு. பெருசா. மைதானம் அகலத்துக்கு. இழுத்துட்டு விடமாட்டாரு. அன்னைக்கும் அப்படித்தான் இழுத்தாரு. அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு அக்கா. நான் அடிக்கவே இல்ல, அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

அக்காவுக்கு முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. "காத்தா இருக்கும்மா. மைக்குல காத்து அடிச்சா அப்படித்தான் கேக்கும்" என்றாள்.

"இருக்கும்" என்றாள் சின்னவள், பெரியவர்கள் பொய் சொல்லும்போது சின்னப் பிள்ளைகள் ஒத்துக்கொள்வதுபோல. பூட்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அக்கா ஹெட்ஃபோனை மாட்டினாள். கதவைச் சாத்தினாள். வெளியே நல்ல வெயில், புல் பளபளத்தது. பதிவை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். கூட்டம் அடங்கியது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. இருந்தது. இத்தனை நாள் தன் கையாலேயே ஓடவிட்டும் அவள் காதில் விழாத ஒன்று. நீளமான, ஈரமான ஒரு மூச்சு, உள்ளே போயிற்று. அங்கேயே நின்றது. அதற்குப் பிறகுதான் பந்து, கம்பம், கூட்டத்தின் பெருமூச்சு. மேடம் சொன்னதற்காக அவள் அதையெல்லாம் வெட்டிவிட்டு, முதலிலிருந்து ஓடும்படி ஒட்டியிருந்தாள். அதனால் அந்த மூச்சு ஒவ்வொரு நாளும் இழுக்கப்பட்டது, ஒருமுறைகூட வெளியே விடப்படவில்லை.

மைதானத்தைச் சுற்றி எட்டு மைக்குகள் உண்டு. கூட்டத்தின் சத்தத்தைப் பிடிப்பவை. யார் அந்த ஆள், எந்தப் பக்கத்து இருக்கையில் இருந்தார் என்று பார்ப்பதற்காக அவள் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்தாள். முதலாவது போயிற்று, மூச்சு இருந்தது. நான்காவது போயிற்று, இருந்தது. ஒவ்வொன்றை அணைக்கும்போதும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போனது, மூச்சு மட்டும் கிட்டே கிட்டே வந்தது. எட்டையும் அணைத்த பிறகு நாற்பதாயிரம் பேரில் ஒருவரும் இல்லை. அந்த மூச்சு அவள் காதோரம் உட்கார்ந்திருந்தது. அதன் கடைசியில் மெல்லிய கீச்சு.

ஒன்பதாவது மைக் அவள் மேசையில் இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். நினைவு வந்தது. அன்று சின்னவளின் பெயரையும் எண்ணையும் அறிவித்தாள். விரல் கீழே போகவேண்டும். போகவில்லை. மேசைமேல் குனிந்து, ஊரில் எல்லோரையும்போல "போட்டுரு தாயி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஃபேடர் உச்சியில் இருக்க, அன்று சளியும் பிடித்திருந்த மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்திருக்கிறாள். மைதானத்தின் அத்தனை ஸ்பீக்கரும் கூடவே இழுத்திருக்கின்றன.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. நாலு வருஷம் ஆச்சு. வேலையும் போயி, கூடவே இந்த ஊரு உன்னையும் சும்மா விடாது. அந்தப் பொண்ணுக்காவது டங்குன்னு பேரு வச்சாங்க. உனக்கு என்ன வைப்பாங்களோ."

"அவளப் பட்டியல்லருந்து எடுக்கப் போறாங்க."

"எடுத்தா நல்லதுதானே? நிம்மதியா வீட்டுல இருப்பா."

உள் அறையில் மகள் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தில் கொடி வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. அங்கிருந்தே கத்தினாள்: "யாருப்பா? டங்கா? அவ அடிச்சா கீப்பர் வேணாம், கம்பமே போதும்னு எங்க கிளாஸ்ல சொல்லுவாங்க!"

"வாய மூடு" என்றாள் அக்கா.

அந்தக் குரலை அந்த வீடு கேட்டதில்லை. மகள் பாதிக் கொடியோடு வாசலில் வந்து நின்றாள். "ஜோக்குதானம்மா" என்றாள் சன்னமாக. வீட்டுக்காரர் தட்டை மறுபடி எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்தார்.

மறுநாள் எட்டு மணிக்கே அக்கா மைதானத்துக்குப் போனாள். சின்னவள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். அவளை மேலே கூட்டிவந்து, சக்கரம் கழன்ற அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். ஒப்பேற்றிப் பேச அவளுக்குத் தெரியவில்லை.

"அது நான்தாம்மா."

"எது?"

"மூச்சு. மைக்க இறக்க மறந்துட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல அன்னைக்கு ஒருநாள்தான்."

சின்னவள் அவளைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சொன்னாள்: "இழுத்துக் காட்டுங்க."

"என்னது?"

"இப்ப. இழுத்துக் காட்டுங்க."

அக்கா நின்றபடியே மூச்சை இழுத்தாள். வெட்கமாக இருந்தது, டாக்டர் முன்னால் நிற்பதுபோல. கடைசியில் கீச்சென்று கேட்டது.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அக்கா கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலி கவிழ்ந்துவிடாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாலு வருஷமா நான் சாமின்னு நெனச்சேன் அக்கா. அப்புறம் சாமி இல்ல, வேற ஏதோன்னு நெனச்சேன். வெளக்கு போட்டுத்தான் தூங்குவேன். கடசில பாத்தா சளி!"

"என்னை மன்னிச்சுரும்மா. இப்பவே மேடம்கிட்ட சொல்லிடுறேன்."

சிரிப்பு நின்றது. எப்போது நின்றதென்றே தெரியவில்லை. "மன்னிக்கல்லாம் மாட்டேன்" என்றாள் சின்னவள். "அதெல்லாம் அப்புறம் யோசிக்கிறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா மத்தவங்களுக்கும் கேக்க ஆரம்பிச்சிரும். மேட்ச் அன்னைக்கு மட்டும் அத இறக்கிடுங்க." எழுந்தாள். வாசலில் நின்று, "இன்னைக்கு சத்தத்த முழுசா வைங்க" என்றாள்.

அன்று பத்துப் பெனால்டி அடித்தாள். பதிவில் அந்த மூச்சு வரும்போதெல்லாம் மேலே திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்து, மூக்கைச் சிந்துவதுபோலப் பாவனை செய்துவிட்டு அடித்தாள். ஒன்பது கோல். மேடம் விசிலைக் கடித்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று புரியாமல் மேலும் கீழும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

கோப்பை தொடங்கியது. முதல் ஆட்டம், எட்டு நாடுகளில் மிகச் சாதாரணமான அணியோடு. கோலே விழவில்லை. கூட்டம் திட்டவில்லை, கத்தவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, காகிதக் கொடிகளை இருக்கைமேல் வைத்துவிட்டுப் போனது. நாற்பதாயிரம் பேர் காலைத் தேய்த்துப் படியிறங்கும் சத்தம் மட்டும் மேலே கேட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது. மறுநாள், சுவரின் ஓரத்தில் புதிதாகச் சேர்த்திருந்த மேடத்தின் படத்தில் யாரோ கண்ணைச் சுரண்டியிருந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு ஜெயித்ததும் அதே ஆட்கள் அந்தக் கண்ணைத் திரும்ப வரைந்தார்கள், முன்னைவிடப் பெரிதாக. மூன்றாவது ஆட்டத்தில் தோல்விதான். ஆனாலும் கணக்கில் தப்பி, அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அதே மைதானம், அதே மாலை நாலு மணி.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்து பெனால்டிக்குப் போனது. ஃபேடரை இறக்கினால் மட்டும் போதும் என்று அவள் தன்னையே நம்பவில்லை. ஒவ்வொருத்தியின் பெயரையும் அறிவித்ததும் மைக்கின் பின்பக்கத்திலிருந்து கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அடுத்த பெயருக்குத் திரும்பச் செருகினாள். எதிரணி ஐந்தில் மூன்று போட்டிருந்தது. நம்மவர்கள் நாலில் மூன்று. கடைசி அடி பாக்கி. போட்டால் இறுதி ஆட்டம்.

அவள் சின்னவளின் பெயரையும் எண்ணையும் சொன்னாள். ஃபேடரை இறக்கினாள். கம்பியைப் பிடுங்கினாள். போதாதென்று இடது கையால் தன் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் பந்தை வைத்தாள். நான்கு எட்டுப் பின்னால் நடந்தாள். நடுவர் விசில் ஊதினார். மைதானம் அடங்கியது, பயிற்சியில் அடங்கியதுபோல, நான்கு வருடத்துக்கு முன்பு அடங்கியதுபோல. ஒரு நொடி. ஒன்றரை நொடி.

மூச்சு வந்தது.

மேலே இருந்து வந்தது. மைதானம் அகலத்துக்கு, நீளமாக, ஈரமாக. கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. கம்பி அக்காவின் வலது கையில் இருந்தது. இடது கை முகத்தில் இருந்தது. அந்தக் கைக்குள் காற்று அசையவே இல்லை. மூச்சு உள்ளே போய்க்கொண்டேயிருந்தது, யாரோ ஊர் முழுவதையும் மார்புக்குள் இழுப்பதுபோல. அதன் கடைசியில் மெல்லிய கீச்சு கேட்டது. பிறகு அது நின்றது. விடவில்லை.

கீழே, புல்லில், சின்னவளின் தோள் தூக்கிப்போடவில்லை. அவள் தலையைத் திருப்பி மேற்கே, மேலே, கண்ணாடி அறையைப் பார்த்தாள். அறைக்குப் பின்னால் இறங்கும் வெயில் கண்ணைக் கூசவைத்ததால் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தாள். திட்டுவதுபோல ஒரு விரலை ஆட்டினாள். ஓடிவந்து அடித்தாள்.

பந்து வலையின் இடது மூலையில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு கத்தியது நிஜக் கூட்டம். அக்கா கையை முகத்திலிருந்து எடுக்க மறந்து நின்றாள். எடுத்தபோது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மேசையில் எல்லா விளக்கும் அணைந்திருந்தது. ஒன்பதாவது ஃபேடர் அடியில் கிடந்தது.

அரை மணி கழித்துப் படியில் காலடிச் சத்தம். இரண்டிரண்டாகத் தாவி ஏறிவந்தாள் சின்னவள். முழங்காலில் புல்கறை, மூச்சு வாங்கியது. கதவைத் தள்ளியதுமே இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"சொல்லியும் கேக்கல பாத்தீங்களா? இறக்கிடுங்கன்னு சொன்னேன்ல?"

அக்கா மேசையோடு முதுகைச் சாய்த்து நின்றாள்.

"ஒரு நொடி மறுபடி சாமின்னு நெனச்சுட்டேன். அப்புறம்தான், அட, நம்ம அக்காதானேன்னு... சரி விடுங்க." சின்னவள் கிட்டே வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்கதானே அக்கா?"

நாலு நாளில் இறுதி ஆட்டம். அதுவும் இதே மைதானத்தில்தான். கீழே இன்னும் கலையாமல் கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது. இந்த முறை "டங்" இல்லை, அவளுடைய நிஜப் பெயர்.

"நான்தாம்மா" என்றாள் மைக் அக்கா. "மறந்துட்டேன். வயசாகுதில்ல."

"அன்னைக்கும் மறந்துருங்க, பரவால்ல" என்று சின்னவள் சிரித்தாள். "எனக்கு இப்ப பழகிருச்சு."

அவள் முப்பத்திரண்டு படியும் இறங்கி, கீழ்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை, பிடுங்கிய கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடியே அக்கா நின்றாள்.